வீடு கட்டிய பிறகு காயும் மாமரம்: இறுகிய மண்ணை எப்படி இளக்குவது?

திருச்சிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். கொல்லையில் மாமனார் வைத்த 35 வயது மாமரம். 2 வருடத்துக்கு முன் மாடி எடுத்தபோது செங்கல், ஜல்லி, எம்-சாண்ட் எல்லாம் அதன் நிழலில்தான் இறக்கியிருக்கிறார்கள். டிப்பர் லாரி மரத்தடி வரை வந்து போயிருக்கிறது. போன வருடம் வரை மரத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. இந்த வருடம் உச்சிக் கிளைகள் நுனியிலிருந்து காய்கின்றன, கொழுந்து சிறுத்து வெளிறி வருகிறது, பிஞ்சு நிற்கவில்லை. ஜே.சி.பி.யை விட்டுச் சுற்றிலும் ஆழமாகப் புரட்டச் சொல்கிறார் ஒருவர். யூரியா போடச் சொல்கிறார் இன்னொருவர். வெட்டிவிட்டு பேவர் பிளாக் போட்டுவிடுங்கள் என்கிறார் மூன்றாமவர். யார் சொல்வதைக் கேட்பது?

மூவரில் யார் சரி என்று கேட்டாலும், நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது வேறொன்று என்று நினைக்கிறேன். கெட்டிப்பட்ட மண்ணை, அதற்குள் இருக்கிற வேரை அறுக்காமல் இளக்க முடியுமா? முடியும் என்றால், அதுவரை மரம் தாங்குமா? முதல் கேள்விக்கு முடியும் என்று உறுதியாகச் சொல்வேன், ஆனால் மெதுவாகத்தான் நடக்கும். இரண்டாவதற்கு இங்கே உட்கார்ந்துகொண்டு யாரும் உறுதி தர முடியாது. எதைப் பார்த்து நம்பலாம், எதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டும் என்பதைச் சொல்கிறேன். தோட்டக்கலை படித்துவிட்டு 20 வருடங்களுக்கு மேல் தோப்புகளிலும் வளாகங்களிலும் மரங்களைப் பார்த்து வருகிறேன். வீடு கட்டி முடித்த இரண்டாம், மூன்றாம் வருடத்தில் மரம் காய ஆரம்பிப்பது நான் அடிக்கடி பார்த்த ஒன்று.

முதலில் வேர் எங்கே இருக்கிறது என்பதைச் சரியாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மரம் மேலே எவ்வளவு உயரமோ கீழே அவ்வளவு ஆழம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கொட்டை போட்டு முளைத்த மாமரத்துக்கு ஆணிவேர் ஆழமாக இறங்கும், உண்மைதான். ஆனால் தண்ணீரையும் சத்தையும் இழுக்கிற சல்லிவேர்களில் பெரும்பகுதி மேலே ஒன்றரை, இரண்டு அடி மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அதிலும் முதல் ஒரு அடியில்தான் அடர்த்தி அதிகம். பக்கவாட்டில் அது கிளை விரிப்பைத் தாண்டியும் வெகுதூரம் ஓடும். ஆக, லாரிச் சக்கரம் ஏறிய இடமும் வேர் பிழைப்பு நடத்துகிற இடமும் ஒன்றேதான். ஜே.சி.பி. வாளி முதலில் வாரி எடுப்பதும் அதே ஒரு அடியைத்தான். அந்த யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். மிச்சமிருக்கும் வேரையும் ஒரே நாளில் இழந்துவிடுவீர்கள்.

மண் இறுகினால் என்ன கெடுகிறது? நல்ல மேல்மண்ணில் ஏறத்தாழ பாதிதான் மண். மீதிப் பாதி இண்டு இடுக்கு, அதில் கொஞ்சம் நீரும் கொஞ்சம் காற்றும். பாரம் ஏறும்போது நசுங்குவது அந்த இடுக்குகள்தான், அதிலும் காற்று இருக்கிற பெரிய இடுக்குகள்தான் முதலில் போகும். மிஞ்சுவது நீர் தேங்கி நிற்கும் நுண்துளைகள். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். வேரும் மூச்சு விடுகிற உயிர். அதனால் தண்ணீருக்கு நடுவில் இருந்துகொண்டே அது திணறிச் சாகும். இன்னொரு பக்கம், மண் காயும்போது புது வேர் முனை உள்ளே துளைக்க முடியாத அளவுக்குக் கெட்டியாகிவிடும். களிமண்ணில் கன சென்டிமீட்டருக்கு 1.4, 1.5 கிராம் எடையைத் தாண்டினாலே வேர் நகர்வது கடினம். மணல் சார்ந்த மண்ணில் அந்த வரம்பு 1.7, 1.8 வரை போகும். லாரி நின்ற தளங்களில் இதை எட்டுவது சர்வ சாதாரணம். ஒன்றிரண்டு தடவைதானே வந்து போனது என்று ஆறுதல் கொள்ள வழியில்லை. சேதத்தில் பெரும்பங்கு முதல் சில ஓட்டங்களிலேயே நடந்துவிடும், மண் ஈரமாக இருந்திருந்தால் இன்னும் மோசம்.

பிறகு ஏன் 2 வருடம் தாமதம் என்று கேட்பீர்கள். மரம் தண்டிலும் பெரிய வேர்களிலும் மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கும். வேர் செத்த பிறகும் அதை வைத்துக்கொண்டு ஒன்றிரண்டு வருடம் பச்சையாகவே நிற்கும். கையிருப்பு தீரும்போது, தண்ணீர் போய்ச் சேரக் கடினமான உச்சியிலிருந்து கைவிட ஆரம்பிக்கும். உங்கள் மரத்தின் கதை இதோடு பொருந்துகிறது. ஆனாலும் இதுதான் காரணம் என்று முடிவுகட்டும் முன் வேறு சிலவற்றையும் பாருங்கள். தண்டிலோ கிளையிலோ துளை இருந்து அதிலிருந்து மரத்தூள் போலக் கொட்டுகிறதா? அப்படியானால் தண்டுதுளைப்பான் உள்ளே இருக்கிறது, அது தனி வைத்தியம். பட்டை வெடித்துப் பிசின் வடிகிறதா? அது பூஞ்சாணத்தின் வேலையாக இருக்கலாம், பலவீனமான மரத்தைத் தேடித்தான் அது வரும். அடிமரத்தில் தட்டுபோலக் காளான் முளைத்திருந்தால் வேர் அழுகல் வெகுதூரம் போய்விட்டது என்று பொருள். பல நேரங்களில் இவற்றில் ஒன்றும் மண் இறுக்கமும் சேர்ந்தே இருக்கும்.

இறுக்கத்தைச் சோதிக்க மெஷின் வேண்டாம். வீடு கட்டியதில் மிச்சமான 8 எம்.எம். கம்பி மூன்றடித் துண்டு ஒன்று எங்காவது கிடக்கும், அதன் நுனியைக் கூராக்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் சாயங்காலம் நன்றாகத் தண்ணீர் விட்டு, மறுநாள் காலையில் உடம்பின் பாரத்தை மட்டும் கொடுத்து அழுத்திப் பாருங்கள். லாரி நின்ற இடம், ஜல்லி கொட்டிய இடம், யாரும் மிதிக்காத வேலியோரம் என மூன்று இடத்திலும் குத்திப் பார்த்து ஒப்பிட வேண்டும். வேலியோரத்தில் ஒரு முழம் இறங்குகிற கம்பி மரத்தடியில் நாலு விரற்கடையில் நின்றுவிட்டால் வேறு சாட்சி தேவையில்லை. காய்ந்த செம்மண்ணில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அது நல்ல நிலையில் இருந்தாலும் கல்லாகத்தான் நிற்கும், ஏமாந்துபோவீர்கள்.

அடுத்து, கிளை விரிப்பின் ஓரத்தில் ஓரடிக்கு ஓரடி குழி ஒன்றைக் களைக்கொத்தால் மெல்லத் தோண்டுங்கள். நான் எந்த மரத்தைப் பார்க்கப் போனாலும் இந்தக் குழியில்தான் அதிக நேரம் உட்கார்ந்திருப்பேன். மண் பொலபொலவென்று உதிராமல் ஓடு ஓடாக, தட்டுத் தட்டாகப் பெயர்ந்தால் அது நசுங்கிய மண். முகர்ந்து பாருங்கள். மழை மண்ணின் வாசனை இருந்தால் நல்லது, சாக்கடை நெடியோ அழுகிய முட்டை நெடியோ அடித்தால் உள்ளே காற்று இல்லை. கையில் அகப்படுகிற மெல்லிய வேர் ஒன்றை விரலிடுக்கில் பிடித்து இழுங்கள். உயிருள்ள இளவேர் வெளிர் நிறத்தில், விறைப்பாக, ஒடித்தால் ஈரமாக இருக்கும். செத்த வேரில் மேல்தோல் கறுத்து உறைபோலக் கழன்று வரும், உள்ளே நூல் போல நடுநரம்பு மட்டும் கையில் நிற்கும். குழியில் பத்துக்கு நாலைந்து வேராவது உயிரோடு இருந்தால் எனக்கு நம்பிக்கை வந்துவிடும். கடைசியாகக் குழி நிறையத் தண்ணீர் ஊற்றி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். ராத்திரி ஊற்றிய தண்ணீர் விடிந்த பிறகும் நின்றால் வடிகாலும் கெட்டிருக்கிறது.

கலவை எங்கே போட்டார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? கொழுந்து வெளிறியிருக்கிறது என்று எழுதியதால் கேட்கிறேன். சிமென்ட் கழுவிய தண்ணீர் கடும் காரத்தன்மை உடையது. அது இறங்கிய மண்ணில் இரும்பும் துத்தநாகமும் இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது, புதிய இலைதான் முதலில் மஞ்சளாகும். சந்தேகப்படும் இடத்து மண்ணில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. திருச்சி வட்டாரத்தில் பல இடங்களில் மண்ணிலேயே சுண்ணாம்புக் கட்டி உண்டு, அதனால் வேலியோர மண்ணோடு ஒப்பிட்டால்தான் இதற்கு அர்த்தம். கலவைச் சட்டி கிடந்த இடத்தில் படிந்திருக்கும் சிமென்ட் ஓட்டையும், அதன் கீழ் இரண்டு மூன்று அங்குல மண்ணையும் கையால் பெயர்த்து வெளியே கொட்டிவிடுங்கள்.

வைத்தியம் என்று வந்தால் முதல் வேலை இளக்குவது அல்ல, இனி யாரும் மிதிக்காமல் தடுப்பது. அடிமரத்தின் சுற்றளவை நெஞ்சுயரத்தில் அளந்து விட்டத்தைக் கண்டுபிடியுங்கள், அதைப்போல 12 மடங்கு ஆரத்துக்கு ஒரு வட்டம். பிரிட்டனில் கட்டுமானத் தளங்களில் மரங்களுக்கு இந்தக் கணக்கைத்தான் வைத்திருக்கிறார்கள். உங்கள் மரம் 150 சென்டிமீட்டர் சுற்றளவு என்று வைத்துக்கொண்டால் விட்டம் சுமார் 48, ஆரம் 5.7 மீட்டர், அதாவது 19 அடி. வீட்டுக் கொல்லையில் அவ்வளவு இடம் கிடைக்காது, தெரியும். கிடைக்கிற வரையில் நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டுங்கள். பைக் நிறுத்துவது, துணி துவைக்கும் கல், மிச்சச் செங்கல் அடுக்கு எல்லாம் வெளியே போகட்டும். மழை பெய்து ஈரமாக இருக்கும்போது நீங்களும் உள்ளே போக வேண்டாம்.

இரண்டாவது, அடிமரத்தைச் சுற்றி மண் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. மரம் தரையைத் தொடும் இடத்தில் தண்டு அகன்று வேர்களாக விரிவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தூண் நட்டதுபோல நேராக மண்ணுக்குள் போனால் மேலே மண் கொட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அரை அடி மண் ஏற்றினாலே மாமரத்துக்குப் போதும், பட்டை ஈரத்தில் ஊறி அழுகும், கீழே வேர் மூச்சடைக்கும். கொட்டிய மண்ணையும் எம்-சாண்டையும் பழைய மட்டம் தெரியும்வரை கையால் எடுங்கள். கடப்பாரையை அடிமரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், பட்டையில் விழும் ஒரு கீறல் பூஞ்சாணத்துக்குத் திறந்த கதவு.

மூன்றாவது மூடாக்கு. இந்த ஒன்றை மட்டும் செய்துவிட்டு மற்றதையெல்லாம் விட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன். காய்ந்த மாவிலை, பொடியாக நறுக்கிய சுள்ளி, வைக்கோல், கரும்புச் சோகை என எது கிடைக்கிறதோ அதை மூன்று நாலு அங்குல கனத்துக்குப் பரப்புங்கள், அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி. அதன் கீழே மண் குளிர்ந்து ஈரம் காக்கும், மண்புழுவும் மற்ற பூச்சிகளும் மேலே வந்து இலையை இழுத்துக்கொண்டு உள்ளே போகும். அவை போகிற பாதைதான் மண்ணுக்குக் காற்று நுழையும் பாதை. எந்தக் கடப்பாரையாலும் அவ்வளவு நுணுக்கமாக, ஒரு வேரைக்கூட அறுக்காமல், துளை போட முடியாது. கரையான் வருமே என்று கேட்பீர்கள், நியாயமான பயம். வாரம் ஒருமுறை நனைத்து வந்தால் குறையும். தண்டில் மண்கூடு ஏறினால் துடைப்பத்தால் தட்டிவிடுங்கள், உயிருள்ள மரத்தை அது பெரும்பாலும் தின்பதில்லை, காய்ந்த பட்டையைத்தான் தின்னும். பச்சைத் தென்னை நார்க்கழிவை மட்டும் போடாதீர்கள். மக்கவைத்ததாக இருந்தால் சேர்க்கலாம்.

இனி இளக்குவது. வெளிநாடுகளில் அழுத்தக் காற்றைப் பீய்ச்சி, வேரைத் தொடாமல் மண்ணை மட்டும் ஊதித் தள்ளும் கருவி வைத்திருக்கிறார்கள். இறுகிய மண்ணுக்கு எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல கருவி இல்லை, நம் பக்கம் கிடைப்பது அரிது. கையால் செய்யக்கூடியது ஆரக்கால் வாய்க்கால். வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்போல, அடிமரத்திலிருந்து 8 அடி தள்ளித் தொடங்கி வெளிப்பக்கமாகப் போகும் வாய்க்கால்கள். அகலம் ஓரடி, ஆழம் ஓரடி. பெரிய வேர்கள் ஓடும் திசையிலேயே வாய்க்காலும் போவதால் வெட்டுப்படும் வேர் குறைவு, மரத்தைச் சுற்றி வட்டமாக வெட்டினால் குறுக்கே வருகிற அத்தனை வேரும் போய்விடும். விரல் பருமனுக்கு மேல் ஒரு வேர் குறுக்கிட்டால் அதைச் சுற்றி மண்ணை நீக்கிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள், வெட்ட வேண்டாம். தோண்டிய மண்ணின் கட்டியை உடைத்து, இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு நன்கு மக்கிய தொழு உரம் கலந்து அதே வாய்க்காலில் நிரப்புங்கள், மிதித்துக் கெட்டிக்க வேண்டாம். வேர் வெயிலில் காயாமல் அன்றே மூடிவிட வேண்டும். இந்த வருடம் நாலு வாய்க்கால், அவை நடுவே அடுத்த வருடம் நாலு. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் தோண்டினால் பலவீனமான மரம் தாங்காது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் புரட்டாசியில் செய்வது நல்லது, மழை வந்ததும் புது வேர் இறங்கும். பூ எடுக்கும் தை, மாசியிலும் கோடையிலும் மண்ணைத் தொடாதீர்கள்.

கடப்பாரையாலோ, சுழன்று மண்ணைத் துளைக்கும் ஆகர் கருவியாலோ இரண்டடிக்கு ஒரு துளை போட்டு மக்கு உரம் நிரப்பும் முறையும் புழக்கத்தில் இருக்கிறது. அது எவ்வளவு உதவுகிறது என்பதில் ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. துளைக்குள்ளும் அதன் ஓரத்திலும் வேர் செழிக்கிறது, நடுவில் உள்ள மண் அப்படியே கிடக்கிறது என்பதுதான் என் அனுபவமும். இடம் குறுகலாக இருந்து வாய்க்கால் எடுக்க முடியாதவர்களுக்கு இது பரவாயில்லை. களிமண்ணாக இருந்தால் ஆகர் சுழலும்போது துளையின் சுவரைத் தீட்டி மெழுகிவிடும், கம்பியால் சுவரைக் கீறிவிட்டு உரம் போடுங்கள். களிமண்ணில் கொஞ்சம் மணல் கலந்தால் இளகும் என்பதை நம்ப வேண்டாம், கொஞ்ச மணல் அதை இன்னும் கெட்டியாக்கும். ஜிப்சம், சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு மருந்து, லாரி நசுக்கிய மண்ணுக்கு அல்ல. கரிசல் மண் என்றால் கோடையில் தானே வெடித்து ஓரளவு தன்னைச் சரிசெய்துகொள்ளும், செம்மண்ணுக்கு அந்த வசதி இல்லை. எதுவானாலும் பாரவண்டி ஒன்றரை அடிக்குக் கீழே ஏற்படுத்திய இறுக்கத்தை நம்மால் சரிசெய்ய முடியாது. மேல் ஓரடியை மீட்டுத் தருவதே நம் கையில் இருக்கிறது.

யூரியாவை இப்போது போடாதீர்கள். உறிஞ்ச வேர் இல்லாத மரத்துக்கு உப்பைக் கொட்டுவது மிச்ச வேரையும் சுடும். ஒருவேளை கொழுந்து தள்ளினாலும், கையிருப்பைச் செலவழித்துத்தான் தள்ளும். காய்ப்புக்கு வந்த மாமரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரம் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை. அதை வாய்க்காலிலும் மூடாக்கின் கீழும் பகிர்ந்து போட்டால் இந்த வருடத்துக்குப் போதும். வேர் போனதற்கு ஈடாகக் கிளையையும் கழிக்க வேண்டும் என்று கவாத்து செய்யவும் வேண்டாம். காய்ந்ததை மட்டும் எடுங்கள், பச்சை இலைதான் புது வேருக்குச் சாப்பாடு போடுகிறது. தண்ணீர் தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, கம்பி ஓரடி இறங்கும் வரை நனைத்துவிட்டு, மேல்மண் உலர்ந்த பிறகு மறுபடி விடுவது நல்லது. வழக்கமாகப் பூவுக்காக மார்கழி வாக்கில் மாமரத்தைக் காயப்போடுவோம். இந்த வருடம் மரத்தை அதிகம் வாட்டாதீர்கள். பூ வந்தால் பாதிக்கு மேல் கிள்ளிவிடுவேன் நானாக இருந்தால். ஒரு வருடக் காயை விட்டுக்கொடுப்பது பெரிய நஷ்டமில்லை.

பேவர் பிளாக் பற்றி ஒரு வார்த்தை. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே இடைவெளி இருக்கிறதே, தண்ணீர் இறங்குமே என்பார்கள். கெடுப்பது கல் அல்ல, அதைப் பதிக்குமுன் அடியில் ஜல்லித்தூளைக் கொட்டி மெஷினை வைத்து அதிரவைத்து இறுக்குகிறார்களே, அதுதான். 2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லியில் மரங்களைச் சுற்றி 1 மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. சாலையோர மரத்துக்கு அது குறைந்தபட்சம், உங்கள் மாமரத்துக்குப் போதாது. 2016 டிசம்பரில் வர்தா புயலுக்குப் பிறகு சென்னையில் ஒரு வளாகத்தில் விழுந்த தூங்குமூஞ்சி மரங்களை அப்புறப்படுத்தும் வேலையில் இருந்தேன். புரண்டு கிடந்த ஒன்றின் அடியைப் பார்த்தபோது வேர்கள் பாய் விரித்ததுபோல ஒரு சாண் கனத்தில் தட்டையாகக் கிடந்தன, கல்லின் அச்சு அவற்றின் மேல் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது. கீழே இறங்க வழியில்லாமல், கல்லுக்கும் கெட்டி மண்ணுக்கும் நடுவில் கிடைத்த கொஞ்சக் காற்றைத் தேடி ஓடியிருக்கின்றன. அந்தத் தளம் போட்டபோது நான் அங்கே ஆலோசனை சொல்லும் இடத்தில் இருந்தேன், வற்புறுத்திச் சொல்லவில்லை. அதன் பிறகு எங்கே யார் கேட்டாலும் இவ்வளவு நீளமாகப் பதில் சொல்கிறேன். நடக்க வழி வேண்டுமென்றால், தோண்டாமல், மண்ணின் மேலேயே பலகைக் கற்களை ஓரடி இடைவெளி விட்டு வையுங்கள்.

வெட்டலாமா என்றால், இப்போது வேண்டாம். காய்ந்த கிளைக்கு அடுத்த கிளையில் நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சையாக இருக்கிற கிளைகள் பாதிக்கு மேல் இருந்தால் மரத்துக்கு இரண்டு மூன்று வருடம் அவகாசம் கொடுப்பது நியாயம். அதுவரை ஒவ்வோர் ஆடியிலும் ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்து வையுங்கள், கொழுந்தின் நீளத்தை விரற்கடையில் குறித்து வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத மாற்றம் அதில் தெரியும். அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு பக்கத்துப் பெரிய வேர்களை வெட்டியிருந்தால் மட்டும் நிலைமை வேறு. மரம் சாய்வது கூடியிருந்தாலோ, எதிர்ப்பக்கம் மண் வெடித்துத் தூக்கியிருந்தாலோ, ஐப்பசி மழைக் காற்றுக்கு முன் மரம் தெரிந்த ஒருவரை நேரில் அழைத்துக் காட்டுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற மரம்.

இந்த வாரம் அந்தக் குழியை மட்டும் தோண்டுங்கள். மண் எந்த நிறம், எப்படிப் பெயர்ந்தது, வேர் வெளிர் நிறமா கறுப்பா, ராத்திரி ஊற்றிய தண்ணீர் எத்தனை மணிக்கு வடிந்தது, இந்த நாலையும் எழுதினால் வாய்க்கால் எத்தனை, எங்கே என்று சேர்ந்து முடிவு செய்யலாம்.